மாரியில் பாதை அறுந்தால் மருந்துக்கு என்ன செய்வது? கிரான், வெல்லாவெளி, நாவிதன்வெளிப் பக்கத்து ஆட்கள் எழுதுங்கள்

புலிபாய்ந்தகல்_வாசி

வணக்கம் உறவுகளே. மாரி பிறக்க இன்னும் சில வாரம் இருக்கிறது, அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். தண்ணீர் வந்த பிறகு எழுதினால் சமைத்த சாப்பாடு, உலர் உணவு, பாய், போர்வை என்று எல்லோரும் ஓடத் தொடங்கிவிடுவோம். மருந்தைப் பற்றிப் பேச அப்போது யாருக்கும் நேரம் இருக்காது.

எங்கள் மட்டக்களப்புப் பக்கம் தெரியாதவர்களுக்காக: கிரானிலிருந்து புலிபாய்ந்தகல்லுக்கு வரும் வீதி பெருமழைக்குத் தண்ணீருக்குள் போய்விடும். அதற்கு அப்பால் திகிலிவெட்டை, பொண்டுகள்சேனை, கோராவெளி, முறுத்தானை, குடும்பிமலை என்று ஊர்கள் கிடக்கின்றன. வீதி மூடினால் படகுதான். அதுவும் பகலில், காற்று அடங்கிய நேரத்தில், ஏறுவதற்கு ஆட்கள் சேர்ந்த பிறகு. இரவு இரண்டு மணிக்கு ஒரு பிள்ளைக்கு முட்டு (மூச்சிழுப்பு) வந்தால் விடியும்வரை நெஞ்சைத் தடவிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

இந்த வீதி மூடும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். பெரிய அழிவுகளின் திகதிகளைப் பாருங்கள். 1957 டிசம்பர் வெள்ளம், 1978 நவம்பர் 23 சூறாவளி, 2011 ஜனவரி வெள்ளம், 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல். எல்லாம் நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில். அப்படியிருக்க, வெள்ளத்துக்குள் நோயாளியை எப்படி வெளியே எடுப்பது என்று மட்டும் ஒவ்வொரு வருடமும் கூட்டம் போடுகிறோம். பாதை மூடுவதற்கு முன்பே மருந்தும், விஷயம் தெரிந்த ஆளும் ஊருக்குள் இருக்க என்ன செய்யலாம்? அதைத்தான் முதலில் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

உங்கள் ஊரில் எந்த நோயாளி அதிகம் கஷ்டப்பட்டார், எந்த மருந்து முதலில் முடிந்தது, யார் உதவினார்கள் என்று எழுதுங்கள். பிரதேச செயலகத்தில் மழைக்கு முந்திய அனர்த்த ஆயத்தக் கூட்டம் நடக்கும்போது கையில் ஏதாவது கொண்டுபோக வேண்டும்.

படுவான்கரை_மருத்துவிச்சி

தம்பி, நல்ல நேரத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். நான் படுவான்கரையில், அதாவது வாவிக்கு மேற்குப் பக்கத்தில், குடும்பநல உத்தியோகத்தர். ஊரில் இன்றைக்கும் மருத்துவிச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

மழைக்காலத்தில் எனக்கு முதல் கவலை வயிற்றுப்பிள்ளைக்காரர்கள். இலங்கையில் 99 வீதத்துக்கும் அதிகமான பிரசவங்கள் வைத்தியசாலையில்தான் நடக்கின்றன. அது நாங்கள் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் அதனாலேயே வீட்டில் பிள்ளை பெறுவிக்கப் பழகிய கைகள் ஊரில் இல்லாமல் போய்விட்டன. எங்கள் அம்மம்மா காலத்தில் ஊருக்கு ஒரு கிழவியாவது இருந்தார். இன்று நடுச்சாமத்தில் வலி கண்டால் பக்கத்து வீட்டுப் பெண்கள் பயத்தில் அழத் தொடங்கிவிடுகிறார்கள்.

யாருக்கு எப்போது பிள்ளை கிடைக்கும் என்பது எங்கள் பதிவேட்டில் இருக்கிறது. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடியும்வரை எத்தனை பேருக்குத் திகதி என்று ஒக்டோபரிலேயே சொல்லிவிடலாம். அவர்களைத் திகதிக்கு இரண்டு வாரம் முன்பே வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைப் பக்கம் நகர்த்த வேண்டும். முன்பு சத்திரசிகிச்சையில் பிள்ளை பெற்றவர், பிரஷர் உள்ளவர், இரட்டைப் பிள்ளைக்காரர், நச்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர் என்றால் அதற்கும் முன்பே.

சொல்வது சுலபம். போ என்றால் போவார்களா? மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, ஆடு கோழியை யார் பார்ப்பது, புருஷன் வயல் காவலுக்குப் போய்விட்டால் இரவில் யானை வந்தால் வீட்டில் யார் என்று கேட்பார்கள். எல்லாம் நியாயமான கேள்விகள். களுவாஞ்சிகுடிப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாதவர்கள்தான் கடைசிவரை இருந்து, வலி வந்த பிறகு படகு தேடுகிறார்கள்.

நாவிதன்வெளி_ரீச்சர்

அக்கா சொன்ன அந்தக் கடைசி வரிதான் எங்கள் ஊர்க் கதையும். எங்களுக்குக் கிட்டங்கி வீதி. சவளக்கடைக்கும் சேனைக்குடியிருப்புக்கும் நடுவில் அந்த வீதியின் மேலால் தண்ணீர் பாயத் தொடங்கினால் கல்முனை கண்ணுக்கு முன்னால் இருந்தும் எட்டாது. சுற்றிப்போகும் பாதையும் பல தடவை தண்ணீருக்குள். பாலம் வேண்டும் என்று எவ்வளவு காலமாகக் கேட்கிறோம் என்று இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும்.

ஒரு விஷயத்தை இந்த இழையிலேயே எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன். பாய்கிற தண்ணீருக்குள் நோயாளியை உழவு மெசினில் (டிராக்டரில்) ஏற்றிக்கொண்டு போகக்கூடாது. மெசின் உயரம்தானே, பாரம்தானே என்று நம்பித்தான் இறக்குகிறார்கள். 2024 நவம்பர் 26 காரைதீவு மாவடிப்பள்ளியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மதரசாவிலிருந்து வீட்டுக்குப் புறப்பட்ட பிள்ளைகளை ஏற்றிய மெசினை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. பின்னால் இழுக்கும் பெட்டிக்குள் ஆட்கள் இருக்கும்போது தண்ணீர் பக்கவாட்டில் தள்ளினால் பெட்டி மிதக்கும், பிறகு மெசினையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். வீதியின் ஓரம் அரித்துப்போயிருப்பதும் மேலிருந்து தெரியாது. நோயாளியைக் காப்பாற்றப் போய் ஏழெட்டுப் பேரை இழக்கும் வழி அது.

இரவுக்கடமை_வைத்தியர்

நான் மாவட்டத்தில் ஒரு சிறிய வைத்தியசாலையில் கடமையில் இருக்கிறேன். எங்கே என்று சொல்லவில்லை. சில விஷயங்களைப் பட்டவர்த்தனமாக எழுதுகிறேன்.

வெள்ளத்தின்போது கிராமத்திலிருந்து வருகிற அவசர நோயாளிகளில் கணிசமானவர்கள் வெள்ளத்தால் காயப்பட்டவர்கள் அல்ல. மருந்து முடிந்தவர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், சில நேரம் விடாமல் வரும். இருதய வால்வு மாற்றியவர் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை நிறுத்தினால் இரத்தம் கட்டிபடும். இன்சுலின் போடும் பிள்ளைக்கு இரண்டு மூன்று நாள் இன்சுலின் இல்லை என்றால் உயிருக்கே ஆபத்து. நீண்டகாலம் ஸ்டீராய்ட் எடுப்பவரும் அப்படித்தான். மனநலத்துக்கு மருந்து எடுப்பவர்களைப் பற்றி யாரும் நினைப்பதே இல்லை. முகாம் நெரிசலும், சத்தமும், மருந்து இல்லாததும் சேர்ந்தால் அவர்கள் படும் பாடு பெரிது.

ஆகவே, புலிபாய்ந்தகல் நண்பர் சொன்னதற்கு என் பதில்: ஒக்டோபர், நவம்பர் கிளினிக்கில் இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு மாத மருந்துக்குப் பதிலாக இரண்டு மாத மருந்து கொடுக்க வேண்டும். எல்லா நோயாளிக்கும் முடியாது. மருந்துத் தட்டுப்பாடு என்றால் என்ன என்று 2022இல் எல்லோரும் பார்த்தோம், கையிருப்பு எப்போதும் தாராளமாக இருக்காது. ஆனால் பாதை மூடும் ஊர்களின் பெயர்ப்பட்டியல் முன்பே மருந்தகத்தில் இருந்தால், அந்த விலாசத்தோடு வருகிற கிளினிக் கொப்பிக்கு (நோயாளியின் மருந்து விபரம் எழுதிய புத்தகம்) மட்டும் கூட்டிக் கொடுக்கலாம். அதற்கு வேண்டிய கூடுதல் மருந்தை செப்டெம்பரிலேயே பிராந்திய சுகாதாரப் பணிமனையிடம் கேட்டிருக்க வேண்டும். நவம்பரில் கேட்டால் கிடைக்காது.

இன்சுலின் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். திறக்காத குப்பி 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். பாவனையில் உள்ள குப்பி வெயில் படாத, 30 பாகைக்கு மேல் போகாத இடத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். கரண்ட் போய்விட்டது என்று பயந்து நேரடியாக ஐஸுக்குள் புதைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் கெட்டுவிடும், பிறகு உருகினாலும் பாவிக்க முடியாது. ஒரு பெரிய மண்முட்டி, அதற்குள் சிறிய முட்டி, இடையில் ஈரமணல், மேலே ஈரத்துணி. குப்பியைப் பொலித்தீனில் சுற்றி உள் முட்டிக்குள் வைத்தால் போதும். குளிர்சாதனப்பெட்டி அளவுக்குக் குளிராது, மழை ஈரத்தில் பலனும் கொஞ்சம் குறையும். ஆனாலும் சூட்டிலிருந்து காப்பாற்றும்.

ஏறாவூர்_மகள்

டொக்டர், சிறுநீரக நோயாளிக்கு மெசினில் இரத்தம் சுத்தம் செய்கிற டயலிசிஸ் பற்றி நீங்கள் எழுதவில்லை. என் வாப்பாவுக்கு வாரத்தில் இரண்டு தடவை. 2025 டிட்வா நேரத்தில் அவர் உள்பக்கத்து ஊர் ஒன்றில் மூத்த தங்கச்சி வீட்டில் மாட்டிக்கொண்டார். போன் இல்லை, கரண்ட் இல்லை. கால் வீங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே இரண்டு இரவு. அல்லாஹ்வின் கிருபையால் படகு கிடைத்தது. இது பற்றி ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

இரவுக்கடமை_வைத்தியர்

மகள், நல்ல கேள்வி, நானே எழுதியிருக்க வேண்டிய விஷயம். 2012இல் சாண்டி புயல் அமெரிக்காவின் நியூயோர்க், நியூ ஜேர்சிப் பக்கம் அடித்தபோது, புயலுக்கு முன்னாலேயே பல நோயாளிகளைக் கூப்பிட்டு டயலிசிஸ் செய்துவிட்டார்கள். அப்படி முன்கூட்டிச் செய்தவர்கள் மத்தியில் அவசர சிகிச்சைக்கு வந்தவர்களும், அடுத்த மாதத்துக்குள் இறந்தவர்களும் குறைவு என்று பிறகு ஆய்வில் கண்டார்கள். இங்கேயும் செய்யலாம். சிவப்பு அறிவித்தல் வந்தவுடன் தூர ஊர் நோயாளியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அவர் முறை நாளை என்றாலும் இன்றைக்கே செய்வது. முடிந்தவர்கள் மழை விடும்வரை நகரத்தில் தங்கிவிடுவது இன்னும் நல்லது.

மாட்டிக்கொண்டால் வீட்டில் கவனிக்க வேண்டியவை: தண்ணீர், தேத்தண்ணி, சூப் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தியர் சொன்ன அளவுக்கும் குறைத்துக் குடிக்க வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். முக்கியமாக இளநீர், வாழைப்பழம், உருளைக்கிழங்கு வேண்டாம். நிவாரணம் கொண்டுவருகிறவர்கள் அன்பாக இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். அதில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் வேலை செய்யாத ஒருவருக்கு அது இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். முகாமில் சமைப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

ஏறாவூர்_மகள்

ஜஸாக்கல்லாஹ். இளநீர் விஷயம் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தங்கச்சிக்கு இப்போதே அனுப்புகிறேன்.

ரொறன்ரோ_மட்டுநகரான்

எல்லாவற்றையும் வாசித்தேன். இங்கே எங்கள் பழைய மாணவர் ஆட்கள் சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ருவாண்டாவில் 2016 முதல் ஆளில்லா விமானத்தில் இரத்தமும் மருந்தும் கொண்டுபோய் இறக்குகிறார்கள். மலைநாடு, மோசமான பாதைகள், இருந்தும் நடக்கிறது. வாகரை, கிரான் பக்கம் இரண்டு ட்ரோன் வாங்கிக் கொடுத்தால் மருந்துப் பிரச்சினை தீருமா? அல்லது ஒக்சிஜன் இயந்திரமா? காசு சேர்க்கலாம், எதற்கு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வாவித்தோணி

அண்ணன், நல்ல மனதோடு கேட்கிறீர்கள், அதனால் நேராகவே சொல்கிறேன். நான் மீன்பிடிக்காரன், வெள்ள நேரம் ஆட்களை ஏற்றி இறக்குகிறவன்.

டிட்வா காற்றில் தென்னைமரமே நிற்கவில்லை, அந்தக் காற்றில் ட்ரோன் பறக்காது. காற்று ஓய்ந்த பிறகு தண்ணீர் தேங்கி நிற்கும் நாட்களில் அது உதவலாம். ஆனால் அந்த நாட்களில் படகும் ஓடும். படகு ஓடாததற்குக் காரணம் படகு இல்லாதது அல்ல. மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் யார் காசு கொடுப்பது என்று தெரியாததுதான். முதல் நாள் ஊர் ஆட்கள் சேர்ந்து போடுவார்கள். இரண்டாம் நாள் நான் போடுவேன். மூன்றாம் நாள் பெற்றோல் செட்டே தண்ணீருக்குள். பிறகு பில் கொண்டுபோய்க் கொடுத்தால், கையெழுத்து யாருடையது, எந்தத் தலைப்பில் என்று கேட்டு மாதக் கணக்கில் அலைய விடுகிறார்கள். அடுத்த வருடம் படகை இறக்க யாருக்கு மனம் வரும்?

இன்னொன்று, வயல்வெளிக்கு மேலால் போவதும் வாவியில் போவதும் ஒன்றல்ல. வயலில் மூன்று அடித் தண்ணீர் இருக்கும், நடுவில் வரம்பு வரும், இஞ்சின் தட்டும். யானைக்குப் போட்ட கம்பி வேலி தண்ணீருக்குள் மறைந்திருக்கும், காற்றாடியில் சுற்றினால் நடுவில் நிற்க வேண்டியதுதான். அந்த இடத்துக்குக் கம்பு ஊன்றித் தள்ளும் சின்னத் தோணிதான் சரி. ஆறு இழுக்கும் இடத்துக்கு இஞ்சின் படகு வேண்டும். ஆகவே ஒரு நோயாளியைக் கொண்டுவர இரண்டு வகைத் தோணி, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றி ஏற்ற நடுவில் ஒரு மாற்று இடம். அந்த மாற்று இடத்தை வெயில் காலத்திலேயே போய்ப் பார்த்து, கம்பு நட்டுத் துணி கட்டி வைக்க வேண்டும்.

உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் வான்கதவு திறக்கிற அறிவித்தலும், தண்ணீர் கடலுக்குப் போக வாவி முகத்துவாரம் வெட்டுகிற செய்தியும் படகு ஓட்டுகிறவனுக்கு முதலில் வரவேண்டும். முகத்துவாரம் வெட்டுவது பற்றி விவசாயிகளுக்கும் எங்களுக்கும் நடக்கிற சண்டையை இங்கே இழுக்கவில்லை, அது வேறு பெரிய கதை. ஆனால் வெட்டிய பிறகு நீரோட்டம் மாறிவிடும், காலையில் போன வழியில் மாலையில் திரும்ப முடியாது. பிள்ளைத்தாச்சியை ஏற்றிக்கொண்டு போகும்போது அது தெரியாமல் இருக்கக்கூடாது.

ரொறன்ரோ_மட்டுநகரான்

தம்பி, இவ்வளவு விபரம் எனக்குத் தெரியாது, நன்றி. சரி, ட்ரோனை விடுவோம். எரிபொருளுக்கு முன்பணம், மிதவை அங்கிகள், நல்ல ரோச் லைட், மழைக்கவசம், ஒரு மடிக்கும் ஸ்ட்ரெச்சர். இவற்றை ஒரு இறங்குதுறைக்கு என்று கணக்குப் போட்டால் எவ்வளவு வரும் என்று எழுதுங்கள். பணத்தை யார் பெயரில், யார் கையெழுத்தில் வைப்பது என்பதையும் முடிவு செய்யுங்கள். மீனவர் சங்கமும் மாதர் சங்கமும் சேர்ந்து இரண்டு கையெழுத்து என்றால் எங்கள் ஆட்கள் நம்பிக் கொடுப்பார்கள்.

வாவித்தோணி

எங்கள் சங்கத்தில் பேசிவிட்டு எழுதுகிறேன். அங்கியில் சின்னப்பிள்ளை அளவும் வேண்டும். வருகிற அங்கி எல்லாம் பெரியவர்களுக்கானது, பிள்ளை போட்டால் தலைக்கு மேலால் கழன்றுவிடும்.

இரவுக்கடமை_வைத்தியர்

ஒக்சிஜன் இயந்திரம் பற்றி: அது கரண்டில் ஓடும். ஜெனரேட்டரும் எரிபொருளும் இல்லாத ஊருக்கு அனுப்பினால் மூலையில்தான் கிடக்கும். முட்டுக்காரருக்கு இன்ஹேலரும், அதன் வாயில் பொருத்திப் பாவிக்கும் ஸ்பேசர் என்ற குழாயும் வீட்டில் இருந்தால் பல இரவுகளைக் கடந்துவிடலாம். மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கும் நெபுலைசருக்குக் கரண்ட் வேண்டும், இன்ஹேலருக்கு வேண்டாம். ஆனால் எங்கள் ஆட்களுக்கு இன்ஹேலர் என்றால் ஒரு பயம், பழகிவிடும் என்பார்கள். அந்தப் பயத்தைக் கிளினிக்கில் வைத்தே போக்க வேண்டும்.

படகு பற்றி நண்பர் எழுதியதைப் படித்தபோது அசாம் ஞாபகம் வந்தது. பிரம்மபுத்திரா ஆற்றுத் தீவுகளுக்கு 2005இலிருந்து படகிலேயே கிளினிக் போகிறது. வைத்தியர், தாதி, மருந்து, தடுப்பூசி எல்லாம் படகுக்குள். வெள்ளம் வந்தாலும் வராவிட்டாலும் போகிறார்கள், அதனால் வெள்ளத்தில் அவர்களுக்கு வழியும் தெரியும், ஆட்களும் தெரியும். நமக்கு அவ்வளவு பெரிய படகு வேண்டாம். நடமாடும் கிளினிக் மழைக்காலத்தில் குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட துறைக்கு வரும் என்ற ஒழுங்கு இருந்தாலே போதும். தண்ணீர் ஏறினாலும் அன்றைக்கு வரும் என்று மக்கள் நம்ப வேண்டும்.

நிந்தவூர்_ராத்தா

பெரியவர்களே, ஒரு விஷயத்தைக் கேட்கிறேன். மேலே எல்லோரும் பட்டியல் பட்டியல் என்று எழுதுகிறீர்கள். அந்தப் பட்டியல் யாரிடம் இருக்கும்? போன தடவை எங்கள் பக்கத்தில் ஒருவர் நல்லெண்ணத்தில் நோயாளிகள் பெயர், என்ன வருத்தம், வீட்டு இலக்கம், போன் இலக்கம் எல்லாவற்றையும் வட்சப் குழுவில் போட்டுவிட்டார். யாருக்கு மனநல மருந்து, எந்தக் குமர்ப்பிள்ளைக்கு வலிப்பு என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கலியாணம் பேசுகிற வீடுகளில் அது என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பிள்ளையின் உம்மா அடுத்த கிளினிக்குக்கே கூட்டிக்கொண்டு வரவில்லை.

முகாம் என்றால் பெண்களுக்கு வேறு கஷ்டங்களும் இருக்கின்றன. பால் கொடுக்க மறைவு இல்லை, மாதவிடாய்த் துணி மாற்ற இடம் இல்லை, சிறுநீர் கழிக்கப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து காய்ச்சலில் விழுகிறார்கள். பாடசாலையில் ஒரு வகுப்பறையைப் பெண்களுக்கு என்று ஒதுக்கி, பெண் உத்தியோகத்தர் ஒருவரை வைத்தால் பாதி நோய் வராது.

படுவான்கரை_மருத்துவிச்சி

ராத்தா சொன்னதற்கு நான் நூறு வீதம் ஆதரவு. பட்டியல் கடதாசியில் இருக்க வேண்டும், மூன்று பிரதி. ஒன்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில், ஒன்று பிரதேச வைத்தியசாலையில், ஒன்று எங்களிடம். கிராம உத்தியோகத்தருக்கும் படகுக்காரருக்கும் நோயின் பெயர் தேவையில்லை. "இந்த வீடு, ஒரு ஆள், நடக்க முடியாது, முதல் படகில் ஏற்ற வேண்டும்" என்ற அளவு போதும். போன் கோபுரம் விழுந்தால் வட்சப்பும் இல்லை, கூகுளும் இல்லை. கடதாசி பொலித்தீன் உறைக்குள் இருக்கும்.

வயிற்றுப்பிள்ளைக்காரருக்குத் தங்குமிடம் பற்றி யோசித்தேன். கியூபாவில் 1962இலிருந்து தாய்மார் இல்லம் என்று வைத்தியசாலைக்குப் பக்கத்தில் நடத்துகிறார்கள், தூரத்து ஊர்ப் பெண்கள் திகதிக்கு முன் வந்து தங்குவார்கள். நாங்கள் புதுக் கட்டடம் கேட்டால் பத்து வருடம் போகும். வைத்தியசாலைக்குக் கிட்ட ஒரு கோயில் மடமோ, வெறுமையாக இருக்கும் விடுதியோ, நல்ல மனமுள்ள ஒரு வீடோ நவம்பரிலிருந்து ஜனவரி முடியும்வரை கிடைத்தால் போதும். மூத்த பிள்ளையையும் கூட்டிவர அனுமதிக்க வேண்டும், அதுதான் முக்கியம். பிள்ளையை விட்டுவிட்டு வா என்றால் எந்தத் தாயும் வரமாட்டாள்.

எல்லாம் செய்தும் ஊரிலேயே வலி கண்டுவிட்டால்: சுத்தமான பிளாஸ்டிக் விரிப்பு, சவர்க்காரம், கையுறை, புது பிளேட், கொடி கட்ட நூல், பிள்ளையைத் துடைத்துச் சுற்ற இரண்டு துணி. இது ஒரு பையாக ஒவ்வொரு ஊரிலும் ஒரு வீட்டில் இருக்க வேண்டும். பிள்ளை பிறந்தவுடன் துடைத்து, தாயின் நெஞ்சோடு தோல்படப் போட்டு மூடி, பால் கொடுக்க வைக்க வேண்டும். மழைக்குளிரில் சிசு சீக்கிரம் விறைத்துவிடும்.

பொதுச்சுகாதார_உத்தியோகத்தர்

நான் இந்தத் துறையில் உள்ளவன் என்பதால் தண்ணீர் வடிந்த பிறகு உள்ளதைச் சொல்கிறேன். ஊடகங்கள் போன பிறகுதான் எங்களுக்கு வேலை தொடங்கும். கிணறு முழுக்க வெள்ளம் புகுந்திருக்கும். இறைத்து, குளோரின் போட்டு, நாங்கள் பார்த்துச் சரி சொல்லும்வரை கொதிக்க வைத்த தண்ணீர்தான். வயிற்றோட்டம் என்றால் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்), ஒரு பைக்கற்றுக்கு ஒரு லீற்றர், கரைத்தது 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது. அரைப் பைக்கற்றை ஒரு கிளாஸில் கரைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள், அது உப்புக் கூடி ஆபத்து.

எலிக்காய்ச்சல் எங்கள் வயல்காரருக்குப் பழக்கமான எதிரி. காய்ச்சல், கெண்டைக்கால் தசை வலி, கண் சிவப்பு, சலம் குறைவது என்றால் பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் கிடக்கக்கூடாது. வயலில் இறங்குகிறவர்களுக்கு வாரம் ஒரு தடவை எடுக்கும் டொக்ஸிசைக்ளின் தடுப்பு மாத்திரையைச் சுகாதார பணிமனை ஊடாகக் கொடுக்கிறோம். கர்ப்பிணிகளும் சின்னப்பிள்ளைகளும் அதை எடுக்கக்கூடாது.

பாம்பையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் ஏறினால் மனிதர் மேட்டுக்கு வருகிறோம், பாம்பும் அதே மேட்டுக்குத்தான் வரும். கடித்தால் கீறக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது, உறிஞ்சக்கூடாது. கடிபட்ட காலை அசையாமல் தடி வைத்துக் கட்டி, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு வர வேண்டும். விஷமுறி மருந்து வைத்தியசாலையில்தான் இருக்கிறது, ஊரில் வைத்திருக்க முடியாது, ஏனென்றால் அந்த மருந்தே சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைக் கொடுக்கும். ஆகவே படகில் முதல் இடம் பாம்பு கடித்தவருக்கு.

கோராவெளி_இளைஞன்

டொக்டர் ஐயாவிடம் ஒரு கேள்வி. நாங்கள் பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் இருக்கிறோம். முதலுதவி பழகியிருக்கிறோம். ஊருக்குள் ஒரு மருந்துப் பெட்டி வைத்து, வைத்தியர் இல்லாத நாளில் நாங்களே அன்டிபயோட்டிக், பிரஷர் மாத்திரை கொடுத்தால் என்ன? வைத்தியர் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறீர்களா?

இரவுக்கடமை_வைத்தியர்

தம்பி, உங்கள் ஆதங்கம் புரிகிறது, ஆனால் இதற்கு என் பதில் முடியாது என்பதுதான். காரணத்தைச் சொல்கிறேன். ஒருவருடைய பிரஷர் மாத்திரை இன்னொருவருக்கு விஷம். பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவருக்குக் கொடுத்துவிட்டால் உங்கள் கண் முன்னால் மூச்சு நிற்கும், அந்தப் பாரத்தை நீங்கள் வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டும். சட்டமும் உங்களைக் காப்பாற்றாது.

நீங்கள் செய்யக்கூடியது அதைவிடப் பெரியது. நோயாளியின் சொந்த மருந்து எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று வாரம் ஒரு தடவை வீடு வீடாகப் பார்ப்பது. ஏழு நாளுக்குக் குறைந்தால் கிளினிக் கொப்பியை வாங்கி, படகில் அனுப்பி, மருந்தை எடுத்துக் கொண்டுவந்து கொடுப்பது. நோயாளி வரத் தேவையில்லை, கொப்பி வந்தால் போதும் என்ற ஒழுங்கை வைத்தியசாலையோடு முன்பே பேசி வைக்க வேண்டும். இரத்தக் கசிவை அழுத்தி நிறுத்துவது, எலும்பு முறிவைத் தாங்குகட்டுவது, ஜீவனி கரைப்பது, பிரஷர் மெசினில் அளந்து எழுதி வைப்பது, இவை உங்கள் கையில். தொடர்பு கிடைத்தால் வைத்தியர் சொல்லச் சொல்ல, நோயாளிக்கு ஏற்கெனவே எழுதிய மருந்தை எடுத்துக் கொடுக்கலாம்.

கோராவெளி_இளைஞன்

கொப்பி மட்டும் அனுப்பினால் மருந்து தருவார்களா? எங்கள் ஊர் அம்மா ஒருவர் மகனிடம் கொப்பி கொடுத்து அனுப்பினார். நோயாளி வராமல் தரமுடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்த இடம் என்று எழுதவில்லை.

இரவுக்கடமை_வைத்தியர்

அதனால்தான் முன்பே எழுத்தில் வேண்டும் என்கிறேன். மருந்தகத்தில் நிற்பவர் மேலிடக் கட்டளை இல்லாமல் பயப்படுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. வெள்ள அறிவித்தல் உள்ள நாட்களில், பட்டியலில் உள்ள ஊருக்கு, கொப்பியும் அடையாள அட்டைப் பிரதியும் கொண்டுவருகிறவரிடம் மருந்து கொடுக்கலாம் என்று ஒரு பக்கச் சுற்றறிக்கை. இதற்குக் காசே தேவையில்லை.

1990_சாரதி

வணக்கம். நான் சுவசெரிய அம்புலன்ஸ் ஓட்டுகிறேன். 1990க்கு அழைத்தால் நாங்கள் புறப்படுவோம், ஆனால் தண்ணீர் விளிம்புவரைதான் வர முடியும். படகும் அம்புலன்ஸும் எங்கே சந்திப்பது என்று தெரியாமல், நாங்கள் ஒரு பக்கம் நிற்க, படகு வேறு பக்கம் ஏறிய சந்தர்ப்பம் உண்டு. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சந்திப்பு இடம், தண்ணீர் கூடினால் இரண்டாவது இடம் என்று எழுதித் தந்தால் பெரிய உதவி. ஆலமரத்தடி, பழைய நெல் ஸ்டோர் என்று சொன்னால் வெளியூர்ச் சாரதிக்குத் தெரியாது. வீதியின் பெயரும் கிலோமீற்றர் கல்லும் வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் அதே பட்டியல் போக வேண்டும், படகு கேட்டு ஆட்கள் அங்கேதானே அழைப்பார்கள்.

மண்டூர்_பெரியவர்

78 சூறாவளியைக் கண்ணால் கண்டவன் நான். அன்றைக்கு மண்முனையில் பாலம் இல்லை, அது 2014இல் ஜப்பான் உதவியில்தான் வந்தது. வாவியைக் கடக்கத் தோணியும், ஆட்களை ஏற்றும் மிதவையான 'பாதை'யும்தான். இன்றைக்கு அந்தப் பாலத்தால் எத்தனை உயிர் தப்பியது என்பதை நினைத்துப் பார்க்கிறேன். குருமண்வெளிக்குப் போக எங்களுக்கு இன்னமும் அந்தப் 'பாதை'தான், காற்று அடித்தால் நிற்கும். வெல்லாவெளி வீதியும் தண்ணீருக்குள் போனால் நாங்கள் தீவு. பிள்ளைகள் இங்கே எழுதுகிற எல்லாம் வேண்டும். அதோடு பாலத்தையும் விடாமல் கேளுங்கள்.

புலிபாய்ந்தகல்_வாசி

ஐயா சொன்னது சரி, பாலத்தை விடமாட்டோம். ஆனால் பாலம் வரும்வரை நவம்பர் வராமல் இருக்காது.

எல்லோருக்கும் நன்றி. கூட்டத்துக்குக் கொண்டுபோக நான்கு விஷயத்தை எடுக்கிறேன், மற்றவை அதற்குள் அடங்கும். பாதை மூடும் ஊர்களுக்கு இரண்டு மாத மருந்தும், கொப்பிக்கு மருந்து கொடுக்கும் எழுத்துமூலக் கட்டளையும். மருத்துவிச்சி அக்காவின் கடதாசிப் பட்டியல், நோயின் பெயர் வெளியே போகாமல். வயிற்றுப்பிள்ளைக்காரருக்கு மூத்த பிள்ளையோடு தங்க ஒரு இடம். படகுக்காரருக்கு எரிபொருள் முன்பணமும் சந்திப்பு இடங்களின் வரைபடமும். டயலிசிஸ் விஷயத்தை வேறாக, போதனா வைத்தியசாலைக்கு ஒரு கடிதமாக எழுதுவோம். ஏறாவூர் சகோதரி, நீங்களும் கையெழுத்து வைப்பீர்களா?

ஏறாவூர்_மகள்

கட்டாயம். வாப்பாவும் வைப்பார். டயலிசிஸுக்கு வருகிற மற்றக் குடும்பங்களிடமும் இந்த வாரம் கேட்கிறேன்.

வாவித்தோணி

சங்கத்தில் பேசினோம். இரண்டு கையெழுத்துக்குச் சம்மதம். ஒரு துறைக்கு இரண்டு படகு, பதினைந்து அங்கி, அதில் ஐந்து சின்னது. எரிபொருள் கணக்கை ரொறன்ரோ அண்ணனுக்குத் தனியாக அனுப்புகிறேன். தம்பி கோராவெளி, வருகிற ஞாயிறு தண்ணீர் வற்றியிருக்கும்போதே வா, மாற்று இடத்துக்குக் கம்பு நடுவோம்.

கோராவெளி_இளைஞன்

வருகிறேன் அண்ணன். நாங்கள் நான்கு பேர் வருவோம். கத்தி, கயிறு கொண்டுவருகிறோம், சிவப்புத் துணி மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்.

வடமுனை_குடும்பம்

இதை இன்றுதான் பார்த்தோம். எங்கள் ஊத்துச்சேனை, வடமுனைப் பக்கத்தை யாரும் எழுதவில்லை. அம்மாவுக்கு இன்சுலின், தங்கச்சிக்குப் பிரசவத் திகதி டிசம்பர் முதல் கிழமை. நாங்கள் யாரிடம் பெயர் கொடுக்க வேண்டும்?

படுவான்கரை_மருத்துவிச்சி

உங்கள் பிரிவு மருத்துவிச்சியிடம் கொடுங்கள், தங்கச்சியின் கர்ப்பிணி அட்டையையும் காட்டுங்கள். இங்கே பெயரோ இலக்கமோ எழுத வேண்டாம். தங்கச்சி நவம்பர் நடுவிலேயே வாழைச்சேனைப் பக்கம் வந்துவிட வேண்டும். தங்க ஆள் இல்லை என்றால் எனக்குத் தனிமடல் போடுங்கள். அம்மாவின் அடுத்த கிளினிக் எப்போது?

வடமுனை_குடும்பம்

அடுத்த வியாழன்.

படுவான்கரை_மருத்துவிச்சி

அன்றைக்கே இரண்டு மாத இன்சுலின் கேளுங்கள். ஊரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தரவில்லை என்றால் அன்று மாலையே எனக்கு எழுதுங்கள்.